விரலுக்கு வழிவிட்டவள்

அந்தக் காலத்தில் மனிதருக்கு விரல் கிடையாது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். மணிக்கட்டுக்கு அப்புறம் வாத்துக்கால் மாதிரி ஒரே பட்டை. நீந்தலாம், மண் தோண்டலாம், ஈ விரட்டலாம். எதையும் இறுக்கிப் பிடிக்க மட்டும் வழியில்லை. உடம்புக்குள் இருக்கும் செல்கள் அப்போது வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன.

ஆற்றங்கரையில் கொம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். வெள்ளம் வந்த அன்று அவள் மகளைத் தண்ணீர் இழுத்தது. கொம்பாயி பாய்ந்து போய் எட்டினாள். மகளின் கை அவள் கைக்குக் கிடைத்தது; ஆனால் பட்டைமேல் பட்டை வழுக்கியது. பிள்ளை போய்விட்டாள். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் வயிற்றைத் தடவித் தடவி அழுவாள். "என் கண்ணே, நீயாவது என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும். இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

"உள்ள இருக்கிறதுக்குக் காது கேக்குமாக்கும்?" என்பான் புருஷன் மாசாணன்.

கேட்டது. செல்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தில் நிற்பவளின் கையைக் கோத்துக்கொண்டு, "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன், நீயும் இரு" என்று பதில் வரவேண்டும். அந்தப் பதில் வந்துகொண்டிருந்தால்தான் ஒரு செல் உயிரோடிருக்கும். அப்படியே காதுக்குக் காது மாறி, தாய் சொன்னது பிள்ளையின் கைவரை போய்ச் சேர்ந்தது. பிடிக்கணுமாம் என்று கேட்டதும் அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரையொருவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பட்டை இன்னும் தடித்துப்போனது. நல்ல கூத்து!

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருந்த வரிசையில் நின்ற இணுக்கி என்ற செல்லுக்குத்தான் முதலில் உறைத்தது. "அடியே, நாம இப்படி ஒட்டிக்கிட்டு நின்னா இந்தக் கை மடங்கவே மடங்காது. எங்க வரிசை விலகணும்."

பக்கத்தில் நின்ற பூவாத்தா பதறிப்போனாள். "விலகி எங்கடி போவே? கையை விட்டா செத்துல்ல போவே?"

"தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா அழுறதைக் கேட்டுக்கிட்டு சும்மா நிக்க முடியல. நீ எலும்பை ஒட்டி நிக்கிறவ, நீ இருந்தாகணும். நான் இருக்கியான்னு கேட்டாலும் பதில் சொல்லிடாதே."

இணுக்கி கையை விட்டாள். அப்பப்பா, என்ன சாவு அது! கூச்சல் இல்லை, வெடித்துச் சிதறி அக்கம்பக்கத்தைக் கெடுக்கவும் இல்லை. தன் உடம்பைத் தானே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிவைத்தாள். கடைசியில் பயம் தாளாமல், "இருக்கியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பூவாத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதில் சொல்லவில்லை. பிறகு அந்தப் பொட்டலங்களை ஒன்று விடாமல் எடுத்து விழுங்கினாள். அதைப் பார்த்து இணுக்கியின் வரிசை முழுக்கக் கையை விட்டது. செய்தி பரவி, எலும்புகளுக்கு நடுவில் நின்ற மற்ற வரிசைகளும் விட்டன.

பிள்ளை பிறந்தது. கொம்பாயி பயந்து பயந்து தன் கையை நீட்டினாள். ஐந்து குட்டி விரல்கள் அதன் ஓரத்தை வளைத்து இறுக்கின.

"ஏங்க, இங்க வாங்களேன்! விட மாட்டேங்குதுங்க!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றிலிருந்து இன்றுவரை, தாய் வயிற்றில் பிள்ளையின் கை முதலில் பட்டையாகத்தான் உருவாகிறது. பிறகு விரலிடைச் செல்கள் தாமாகவே கையை விட்டு மடிகின்றன. அதனால்தான், பிறந்த பிள்ளை கண்ணைத் திறக்கும் முன்பே, நீட்டிய விரலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.