கைராசி இறகு

சுயம்புலிங்க வைத்தியருக்கு வயசு அறுபத்தொன்று. அவருக்குக் குரு, முப்பத்திரண்டு வயசு டாக்டர் பேச்சியம்மாள். சிரிக்காதீர்கள். பரம்பரை வைத்தியம் கைவசம் இருந்தும், புண்ணுக்குள் குடியேறும் கிருமியைப் பற்றித் தனக்கு ஒரு இழவும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆறு கட்டில் சித்த மருத்துவமனையில் அவராகவே வந்து சீடராகச் சேர்ந்தார். அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

அங்கே லாரி டிரைவர் அருமைநாயகம் படுத்திருந்தார். விபத்தில் பட்ட காயம். எந்த ஊசி மருந்துக்கும் அடங்காத கிருமி. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. சுயம்புலிங்கம் தினமும் திரிபலா கஷாயத்தால் புண்ணைக் கழுவி, புங்கன் தைலத்தை மயிலிறகால் தொட்டுத் தொட்டுத் தடவினார். ஒரு மாதத்தில் அடியிலிருந்து நல்ல சதை எழும்பியது. மனுஷன் தரையில் கால் ஊன்றிவிட்டார்.

அந்த மயிலிறகு சுயம்புலிங்கத்தின் அப்பா கொடுத்தது. கேட்க வேண்டுமா? கைராசி இறகு என்று வார்டு முழுக்கப் பேச்சு. தகரம் கிழித்த சின்னக் காயத்தோடு வந்தாள் பீடி சுற்றும் மாடத்தி. அருமைநாயகத்துக்குப் போட்ட அதே இறகால்தான் தனக்கும் போட வேண்டும் என்று, காயம்பட்ட பாதத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். வைத்தியருக்கும் உள்ளூரப் பெருமைதான். போட்டார்.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தவருக்குப் பகீரென்றது. பச்சைச் சீழ். கூடவே நாற்றம். மாடத்திக்குச் சர்க்கரை வேறு. பாதம் தப்புமா தப்பாதா என்பதை வெள்ளிக்கிழமை அறுவை டாக்டர் வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

"அதே தைலம், அதே கை," என்றார் சுயம்புலிங்கம். "அவரை நடக்க வச்சது இந்தம்மாவை ஏன் டாக்டரம்மா இப்படிப் பண்ணுது?"

பேச்சியம்மாள் இறகை வாங்கி, கிருமி வளர்க்கும் வட்டத் தட்டில் ஒரு தரம் அழுத்தி எடுத்தார். இன்னும் திறக்காத தைலப் புட்டியிலிருந்து ஒரு சொட்டை இன்னொரு தட்டில் விட்டார். மாடத்தியின் சீழிலும் கொஞ்சம் எடுத்து எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை எல்லாருக்கும் தானே கட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டார். வைத்தியருக்குச் சுருக்கென்று தைத்தது.

மூன்றாம் நாள் காலையில் தட்டுகள் வந்தன.

தைலம் விட்ட தட்டில் ஒன்றும் இல்லை. இறகை அழுத்திய தட்டைச் சுயம்புலிங்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டில் ஒரு மயிலிறகு முளைத்திருந்தது. நடுவில் காம்பு, இரண்டு பக்கமும் இழை இழையாய்ப் பிரிந்து, பச்சையாக. அத்தனையும் கிருமி.

அருமைநாயகத்தின் புண்ணில் முதலில் இருந்ததும், மாடத்தியின் சீழில் இப்போது இருப்பதும் இதே கிருமிதான் என்றார் பேச்சியம்மாள்.

"மருந்து சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னார். சுயம்புலிங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பது வருஷமாக இந்த இறகு. ஆறிப்போய் வந்து கும்பிட்டவர்கள் முகமெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. திரும்பி வராதவர்களை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

திரும்பி வந்து, இறகை இன்றைக்கே எரித்துவிடுவதாகச் சொன்னார். இனி ஆளுக்குத் தனிப் பஞ்சு, தனிக் கிண்ணம், ஒவ்வொரு தரமும் கைகழுவல். மாடத்திக்கு மறுபடி தன் கையாலேயே கட்டுப் போட அனுமதி கேட்டார்.

"போடலாம். அதுக்கு முன்னால இந்தத் தட்டை அந்தம்மாகிட்ட காட்டணும். நானும் வாரேன். என் வார்டுல, என் கண்ணு முன்னாலதானே நடந்துச்சு."

சுயம்புலிங்கம் கட்டில் பக்கம் பார்த்தார். மாடத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதைக் காட்டினா, அப்புறம் எங்கிட்ட காலை நீட்டுவாங்களா?"

பேச்சியம்மாள் தட்டை மூடி அவர் கையில் வைத்தார்.

"நீட்டினா, அதுக்குப் பேருதான் அண்ணாச்சி கைராசி."