டிபன் டப்பா ஆம்ப்ளிஃபயர்

நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். கிள்ளக் கிள்ள ஒரு கதை மனசில் ஓடுகிறது. முறத்தில் கொஞ்சம் ஆனதும் கையைத் துடைத்துவிட்டு எழுதுகிறேன். தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபமாக இருக்கும்போது செய்ய இது நல்ல வேலை.

ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியை நினைக்க வேண்டாம். அவர் பெயர் எஸ்தர். வயது முப்பதுதான். வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் பெட்டி செய்வது அவர் தொழில். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள்.

சீடன் பெயர் தவசி. குருவைவிட மூத்தவன். முன்னால் மைக் செட் வைத்திருந்தான். திருவிழாவில் எதிர்ப்பக்கம் இன்னொருத்தன் செட் கட்டிச் சத்தத்தைக் கூட்டினால், தவசி அதற்கு மேல் கூட்டுவான். எதிராளி வயரைச் சுருட்டுகிறவரை கூட்டுவான்.

“குமிழைக் கூட்டத்தான் திருப்பியிருக்கேன். குறைக்கத் திருப்பினதே கிடையாது” என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வான்.

அவன் மாஸ்டரிடம் வீட்டுப் பெட்டி கற்க வந்தான். முதல் நாள் மாஸ்டர் இரண்டு ஸ்பீக்கரை அவன் முன்னால் வைத்தார்.

“விரலால முன்பக்கத்து கோனை அமுக்கிப் பாருங்க அண்ணே.”

ஒன்று செருப்பு ரப்பர் மாதிரி விறைப்பாக இருந்தது. இன்னொன்று காகிதம். தொட்டதும் அப்பளம் மாதிரி லேசாக உள்ளே போய் வந்தது. அதன் பின்னால் பெரிய காந்தம்.

“எது சின்னக் கரண்டுக்கே அசையும்?”

“இந்தக் காகிதம்.”

“இதுக்குப் பெட்டி கட்டுங்க.”

தவசி கட்டினான். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு பலகைப் பெட்டி, மேலே சத்தம் வெளியே வர மரத்தில் குழாய் வாய். வேலை முடிந்ததும் மாஸ்டர் தன் கையால் செய்த ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தார். ஆபீசுக்குக் கொண்டுபோகிற டிபன் டப்பா அளவுதான் இருந்தது.

“இதுதான் இதுக்கு ஜோடி. வீட்டுல வச்சுக் கேளுங்க. ஒருநாள் வந்து பாக்கறேன். உங்க காதுக்குப் பிடிபட்டிருந்தா, அடுத்த பெட்டியில உங்க பேரைப் போட்டுக்கலாம்.”

சில வாரம் கழித்து மாஸ்டர் தவசியின் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் இரண்டு பெட்டியும் நின்றன. பெட்டிக்குப் பக்கத்தில் சேலைத் தூளி. அதில் தவசியின் பத்து மாதப் பிள்ளை. அடுப்படியில் அவன் மனைவி பஞ்சவர்ணம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் உட்காரக்கூட இல்லை. தவசி ஆரம்பித்துவிட்டான்.

“மாஸ்டர், நீங்க என்னை அவமானப்படுத்திட்டீங்க.”

“நானா?”

“தூக்க ரெண்டு ஆள் வேணும் இந்தப் பெட்டிக்கு. இதுக்கு டிபன் டப்பாவா? லாரியில சைக்கிள் டைனமோவைக் கட்டின மாதிரி! தெருவே சிரிக்குது.”

“அதுல போட்டுக் கேட்டீங்களா?”

“பரண்ல போட்டேன். என் திருவிழா ஆம்ப்ளிஃபயரை மாட்டிட்டேன். நானூறு வாட்.”

“எப்படி இருக்கு?”

“அங்கதான் வயிறெரியுது. உங்க பெட்டி இரையுது மாஸ்டர். பாட்டே போடலை, அதுக்குள்ள உஸ்ஸுங்குது. பழைய பெட்டியில இந்த இரைச்சல் இல்ல. மரம் இழைச்சு இழைச்சு என் கை காய்ச்சுப்போச்சு. அவ்வளவும் வீணா?”

மாஸ்டர் குனிந்து கேட்டார். உஸ் என்றுதான் இருந்தது. பெட்டியின் பின்னாலிருந்து வயரை உருவினார். உஸ் நின்றது.

“இப்ப இரையுதா?”

“இல்ல.”

“பெட்டி இங்கயேதான இருக்கு?”

தவசி பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“இரையறது உங்க ஆம்ப் அண்ணே. அது எப்பவும் இரைஞ்சுட்டுதான் இருந்திருக்கும். பழைய பெட்டி நூறு வாட் ஊத்தினாத்தான் வாயே திறக்கும். சின்னச் சத்தத்தையெல்லாம் விழுங்கிடும். இது விழுங்காது.”

“அதெல்லாம் எனக்கு வேண்டாம். சத்தம்னா என்னன்னு நான் காட்டறேன், பாருங்க.”

வயரைத் திரும்ப மாட்டினான். தவில் பாட்டு ஒன்றைப் போட்டான். குமிழை ஒரு எறும்பு நகர்கிற அளவுதான் திருப்பியிருப்பான். அலமாரியில் டம்ளரெல்லாம் குதித்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!”

இன்னும் திருப்பினான்.

பஞ்சவர்ணம் மாவுக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். அவனைப் பார்த்து என்னமோ சொன்னாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

“என்னா? சத்தமா சொல்லு!”

அவள் திரும்பச் சொன்னாள்.

“கேக்கலைடி!” அவன் குமிழை இன்னும் கூட்டிவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பிக் கத்தினான். “இவ இப்படித்தான் மாஸ்டர்! பேச வராது! விளக்குப் பூசையிலகூட வாயை மட்டும்தான் அசைப்பா!”

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெத்திலி தலையோடு உடம்பும் சேர்ந்து பிய்ந்துவிட்டது. பரவாயில்லை, அத்தை பார்ப்பதற்குள் பூனைக்குப் போடலாம்.

மாஸ்டர் தூளியைக் காட்டினார். “பிள்ளை முழிச்சிரப் போகுது!”

தவசி சிரித்தான். “அதெல்லாம் முழிக்காது! பொங்கலுக்கு வாசல்ல செட்டு கட்டினோம். அதுலயே தூங்கினான்! மைக் செட்காரன் ரத்தம் மாஸ்டர்!”

மாஸ்டர் தூளியை விலக்கிப் பார்த்தார்.

பிள்ளை தூங்கவில்லை. நன்றாக முழித்துக்கொண்டு, கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் சிரித்தது. அதன் தலைக்குப் பக்கத்தில் தவில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அது திரும்பவே இல்லை.

மாஸ்டர் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

திடீரென்று வீடு அமைதியாகிவிட்டது. தோசைக்கல் காய்கிற சத்தம்கூடக் கேட்டது. பிள்ளை அதற்கும் ஒன்றும் செய்யவில்லை. கட்டைவிரல் வாய்க்கு எட்டிவிட்ட சந்தோஷத்தில் இருந்தது.

“ஏன் மாஸ்டர் நிறுத்தினீங்க? பாட்டு முடியலையே?”

மாஸ்டர் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து டிபன் டப்பா ஆம்ப்ளிஃபயரை எடுத்தார். தூசியை ஊதினார். பெட்டிக்கு மாட்டினார். உஸ் இல்லை. தவசியின் பழைய மைக் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை டப்பாவில் செருகி, நீள வயரோடு பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தார்.

“அடுப்படியில போய் நின்னுக்கோங்க. இப்ப என்ன சொன்னீங்களோ, அதைச் சொல்லுங்க. கத்த வேண்டாம்.”

“அவளுக்கு வராது மாஸ்டர்...”

“நான் உங்களைக் கேக்கலை அண்ணே.”

பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்தது கேட்டது. முதலில் மூச்சு வந்தது. அப்புறம் மைக்கில் வளையல் உரசினது. அப்புறம் அவள் குரல். எவ்வளவு குரலோ அவ்வளவுதான். இரண்டு பெட்டிக்கும் நடுவில் அவளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

“பிள்ளைக்குக் காது கேக்கலைங்க.”

தவசி பெட்டியைப் பார்த்தான்.

“மூணாம் மாசமே சொன்னேன். தட்டு விழுந்துச்சு, நான் திடுக்கிட்டேன், அவன் திடுக்கிடலைன்னு. நீங்க ஜெனரேட்டர் துடைச்சிட்டிருந்தீங்க. தீபாவளிக்குச் சொன்னேன். பக்கத்துல வெடி வெடிக்குது, இவன் மத்தாப்பைப் பாத்துச் சிரிச்சிட்டிருக்கான்னு. என் மகன் வீரன்டின்னீங்க. தெருவெல்லாம் போய்ச் சொன்னீங்க, வீரன் வீரன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

மூக்கை உறிஞ்சினது வந்தது. பெட்டி எதையும் தவறவிடவில்லை.

“ஊசி போடற நர்சம்மா, பேச்சு வர்ற வயசுக்குள்ள காட்டிரணும், நாளைக் கடத்தாதீங்கன்னு சொன்னாங்க. அதையும் வந்து சொன்னேன். நீங்க இந்தப் பெட்டிக்கு உப்புத்தாள் தேய்ச்சிட்டே சரி சரின்னு தலையாட்டினீங்க. எதுக்குத் தலையாட்டினீங்க? என்ன கேட்டுச்சு உங்களுக்கு? இன்னைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் காது டாக்டர் வர்ற நாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு. இப்ப வந்து நின்னதும் அதைச் சொல்லத்தான்.”

ஒரு வார்த்தையைக்கூட அவள் உரக்கச் சொல்லவில்லை.

தவசியின் முகம் சிவந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பெட்டியைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான். கடைசியில் அடுப்படி வாசலில் போய் நின்றான். கோபத்தை அங்கே கொண்டுபோய் இறக்குவதுதான் அவனுக்குப் பழக்கம்.

“இதை ஏண்டி சத்தமா சொல்லலை? கத்திச் சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே!”

பஞ்சவர்ணம் மைக்கை அடுப்பு மேடையில் வைத்தாள்.

மாஸ்டர்தான் பேசினார். மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“கத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அண்ணே? குறைச்சிருப்பீங்களா, கூட்டியிருப்பீங்களா?”

தவசி திரும்பித் தன் நானூறு வாட் குமிழைப் பார்த்தான்.

பஞ்சவர்ணம் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டாள். செருப்பை மாட்டினாள். யாரையும் கூப்பிடவில்லை. தெருமுனை தாண்டும்போது பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. தவசிதான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் வந்து நடந்தான். அவள் திரும்பாமலே என்னமோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவன் என்ன என்று கத்தவில்லை. நின்று, குனிந்து, அவள் வாய்ப் பக்கமாக

“ஏம்மா, கருவாடு ஆச்சா இல்லையா? எத்தனை தடவை கூப்பிடறது? காது கேக்கலையா உனக்கு?”

கேக்குது அத்தை, வந்துட்டேன், இன்னும் ஒரே ஒரு வரிதான், அவன் குனிந்து அவள் வாய்ப் பக்கமாகக் காதைக்