கூரையில்லாமல் நடந்த கறையான்கள்

பூச்சிகளும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரக் காட்டில் கறையான்கள் எல்லாம் ஒரே புற்றில் வாழ்ந்தன. எல்லாமே வெளுத்த நிறம். புற்றுக்குள் காளான் வளர்த்துச் சாப்பிட்டன. வெளியே போவதென்றால் முதலில் மண்ணைக் குழைத்துக் கூரை கட்டும், அதற்கடியில்தான் நடக்கும். அது ராணி பேராத்தாவின் கட்டளை.

ஓர் ஆண்டு அடைமழை நாற்பது நாள் விடவில்லை. புற்றுக்குள் ஈரம் இறங்கிக் காளான் அழுகியது. குஞ்சுகள் பசியில் சுருண்டன. எதிரே நின்ற பெரிய மரத்தில் பாசி தழைத்திருந்தது. அதை எட்டக் கறையான்கள் கட்டிய கூரையை ஒவ்வொரு முறையும் மழை கரைத்தது.

நாற்பத்தோராம் நாள் வெயில் அடித்தது. சடைச்சி என்ற வேலைக்காரி ராணியின் முன்னால் போய் நின்றாள்.

"ஆத்தா, கூரை கட்டி முடிக்க மூன்று நாளாகும். பிள்ளைகள் தாங்காது. நான் இப்படியே போகிறேன்."

"வெட்டவெளியிலா? எறும்பு உன்னைப் பிய்த்துப்போடும். வெயில் கருக்கிவிடும்."

"கருகினால் கருகட்டும். உள்ளே கிடந்து சாகமாட்டேன்."

"போனால் இந்தப் புற்றில் உனக்கு இடமில்லை!"

சடைச்சி நிற்கவில்லை. அவள் பின்னால் நூறு பேர் நடந்தார்கள். காவல்காரன் தவசியும் கூடவே போனான்.

பாதி மரம் ஏறியதும் கட்டெறும்புப் படை மறித்தது. "ஒளிந்து நடக்கிற கூட்டத்துக்கு என்ன துணிச்சல்!" என்று சிரித்தான் அதன் தலைவன். தவசி பாய்ந்து கடித்தான். எறும்பின் தோலில் பல் இறங்கவில்லை. பக்கத்தில் பட்டை வெடித்துப் பிசின் வழிந்துகொண்டிருந்தது. அதில் முகத்தை முக்கினான்.

"என்ன செய்கிறாய்? வாய் ஒட்டிக்கொள்ளும்!" என்று கத்தினாள் சடைச்சி.

"ஒட்டட்டும்! நீ ஏறு!"

உறிஞ்சிய பிசினை எறும்புகள்மேல் பீய்ச்சினான். கால்கள் ஒட்டிக்கொண்டு படை அசையமுடியாமல் நின்றது. ஆனால் தவசியின் வாயும் நீண்ட மூக்காக இறுகிப்போனது. இனி அவனால் எதையும் மெல்ல முடியாது.

பாசி உருண்டைகளோடு இறங்கி வந்தபோது எல்லோரும் கன்னங்கரேலென்று இருந்தார்கள். வாசலில் வைத்த பாசியைத் தின்று குஞ்சுகள் பிழைத்தன. பேராத்தா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"உள்ளே வா மகளே. நான் சொன்னதை மறந்துவிடு."

"பசித்தால் சொல்லியனுப்பு ஆத்தா, கொண்டுவருகிறேன். ஆனால் இனி கூரைக்கடியில் நடக்கமாட்டேன்."

சடைச்சி பாசியை மென்று கூழாக்கித் தவசிக்கு ஊட்டினாள். பிறகு தன் கூட்டத்தோடு மரப்பொந்துக்குப் போய்விட்டாள்.

வெள்ளைக் கறையான் இன்றும் காளான் வளர்த்து மண்கூரைக்கடியில்தான் நடக்கிறது. சடைச்சியின் வழிவந்த கருங்கறையானோ அன்றிலிருந்து, தவசியைப் போன்ற நீண்ட மூக்குக் காவலர்கள் இருபுறமும் நிற்க, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, வரிசையாக மரமேறிப் போகிறது.