நாச்சாயி பரண்ல போட்ட விளக்குமாறு

ஒரு மலையடியில ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு நாச்சாயி. ம் சொல்லு. ம்... அவளுக்கு ஒரு மக, பேரு மயிலாத்தா. ஒரு பலாமரம், ஒரு விளக்குமாறு. அவ்வளவுதான் அவ சொத்து.

அந்த விளக்குமாறுக்கு ஓய்வே கிடையாது. விடிஞ்சா சரக் சரக், பொழுது சாஞ்சா சரக் சரக். மரத்தடியில ஒரு சருகு கிடக்க விடமாட்டா, கூட்டிக் கொளுத்திடுவா. மழைக்குக் காளான் ஒண்ணு தலை நீட்டினா போதும், "சீ, அழுக்குப் பயலே!"ன்னு அடி மண்ணோட சுரண்டி எறிஞ்சிடுவா. அப்படி ஒரு சுத்தக்காரி!

அப்புறம் மயிலாத்தாவுக்குக் கல்யாணம் ஆச்சு, முழுகாம இருந்தா, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தா. வந்தவளுக்கு எதைத் தின்னாலும் உவ்வே உவ்வே.

"அம்மா, நம்ம பலாச்சுளை ஒண்ணு இருந்தா தின்னுடுவேம்மா."

நாச்சாயி ஓடிப்போய் அண்ணாந்து பாத்தா. இலையெல்லாம் மஞ்சள். பிஞ்செல்லாம் தொப்பு தொப்புன்னு கீழே. மக வேற நாளுக்கு நாள் துரும்பா இளைக்கிறா.

நாச்சாயி குடம் குடமா தண்ணி ஊத்தினா. பெருக்கிப் பெருக்கி இறுகின மண்ணு, தண்ணி சளசளன்னு தெருவுக்கு ஓடிடுச்சு. அப்புறம் ஆட்டுப்புழுக்கையைக் கொட்டினா, அது காஞ்சு கடகடன்னு உருண்டுச்சு. அப்புறம் மஞ்சத்துணி கட்டி வேண்டிக்கிட்டா. ம்ஹூம், துணிதான் படபடன்னு ஆடுச்சு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் காட்டுக்குப் போனா. அங்க யாரு பெருக்குறா, யாரு தண்ணி ஊத்துறா? ஆனா மரமெல்லாம் பச்சைப்பசேல்னு நிக்குது! அழுதுகிட்டே ஒரு பழைய கட்டை மேல உக்காந்தா. பொதக்! கட்டை உதுந்து உள்ளே போயிட்டா.

"ஏம்மா, பாத்து உக்காரக் கூடாதா?"ன்னு ஒரு குரல். பாத்தா, காளான்!

"சாமி!"ன்னு கும்பிட்டா.

"சாமி இல்லம்மா, சமையல்காரன். விழுந்த மரம், உதுந்த சருகு, எல்லாத்தையும் மண்ணாக்கி மரத்துக்குச் சோறாக்குறது நாங்கதான். இல்லேன்னா குப்பை வானம் வரைக்கும் நிக்கும். மேல தெரியுறது குடை, உடம்பு மண்ணுக்குள்ள நூல் நூலா ஓடும். எங்க சொந்தத்துல சில பேரு வேரைக் கட்டிப்பிடிச்சுத் தண்ணி ஊட்டுவாங்க. மரம் அவங்களுக்கு இனிப்பு குடுக்கும்."

நாச்சாயி தலையில அடிச்சுக்கிட்டா. "ஐயோ, சோறு போட்டவனையா விரட்டினேன்!"

"அழாத. இந்த மண்ணு ஒரு கூடை எடுத்துட்டுப் போ. சருகை மட்டும் பெருக்காத."

மண்ணைப் போட்டா, சருகால மூடினா. பெருக்காம இருக்கணுமே! கை நமநமங்குது. விளக்குமாறைப் பரண் மேல எறிஞ்சுட்டு ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டா!

அப்புறம் டமடமன்னு இடி, சோன்னு மழை. மரத்தடியில பொசுக் பொசுக்னு காளான். கிளையில துளிர். ஒருநாள் வேரடி மண்ணு படக்னு வெடிச்சுது, கம்முன்னு வாசம். உள்ளே என்ன? வேர்ப்பலா!

முதல் சுளை மயிலாத்தாவுக்கு. "இன்னொண்ணு குடும்மா"ன்னு கேட்டு வாங்கித் தின்னா. அம்மாவுக்குக் கண்ணு நிறைஞ்சிடுச்சு.

ஆனா அதுக்கடுத்த சுளை மகளுக்கு இல்ல, தெரியுமா? அதைக் கொண்டுபோய்க் காளான் காலடியில வெச்சா. "நீ நல்லா இருக்கணும்ப்பா. இந்தா, நீயும் தின்னு"ன்னா.

மகளும் சாப்ட்டாச்சு, காளானும் சாப்ட்டாச்சு, கதைக்கும் வயிறு ரொம்பியாச்சு. கண்ணை மூடு கண்ணு.