கோபித்துக்கொண்டவர்கள்

ஆற்றங்கரை மடத்துக்கு வந்த ஆண்டியப்பன், உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"சாமி, உங்க சீடன் மாசிலாமணிக்கு என் பொண்ணைத் தரச் சம்மதம்தான். வெள்ளிக்கிழமை இங்கேயே தட்டு மாத்திக்கலாம். ஆனா மாப்பிள்ளை பக்கம்னு உட்கார நாலு பேராவது வேணும். இல்லாட்டி, நாதியில்லாதவனுக்கா பொண்ணு கொடுத்தேன்னு என் பங்காளிக கேட்பாங்க. அப்புறம் நான் தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

அவர் போனதும் மாசிலாமணி கலங்கிப்போனான். வெள்ளத்தில் கரை ஒதுங்கிய குழந்தையாக மடத்துக்கு வந்தவன் அவன். அந்தப் பெண்ணின் மேல் அவனுக்கு உயிர்.

"குருவே, எனக்குச் சொந்தம்னு யார் இருக்கா? யாரைப் போய் அழைப்பேன்?"

"யாரையும் அழைக்காதே."

குருவின் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. மனசுக்குள் திட்டினானோ என்னவோ, ஒருவரையும் அழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் ஒரு பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எதிர்ப்பாய் காலியாகக் கிடந்தது. ஆண்டியப்பன் தட்டைக் கையிலேயே வைத்திருந்தார். மாசிலாமணி தலை நிமிரவில்லை.

பூக்காரி அங்கம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"ஏண்டா, ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீ அம்மையில கிடந்தப்ப வேப்பிலையால விசிறினவ நானு. ஒரு வார்த்தை சொன்னியாடா?"

கேட்டுவிட்டு, காலிப் பாயில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாசலில் ஓடக்காரர் காதர் நின்றார்.

"உள்ள வாங்கண்ணே," என்றான் மாசிலாமணி.

"வரமாட்டேன். நீச்சல் கத்துக்க மட்டும் நான் வேணும். நல்லது கெட்டதுக்கு வேண்டாம், இல்ல?"

அவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தான். அதற்குள் பின்னால் இன்னும் பலர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பாய் போதவில்லை. சமையற்கட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார்கள். திட்டு வாங்க வாங்க மாசிலாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண் நிறைந்துவிட்டது.

ஆண்டியப்பன் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாதியில்லாதவன்னு நினைச்சேனே! என் பங்காளிககூட இந்த முறுக்கு முறுக்கினதில்லை."

தட்டோடு எழுந்து வந்தார்.

"குருவே, நம்ம பக்கம் நீங்கதான் வாங்கிக்கணும்," என்றான் மாசிலாமணி.

குரு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"என்னை யாருடா அழைச்சா?"