தும்மினால் திரும்பிப் பார்க்கும் நாய்

நொச்சிக்குளத்தில் நாலு சிநேகிதர்கள் இருந்தார்கள். வெயிலுகந்தான், தவசி, ஒச்சப்பன், பூவலிங்கம். "உங்களுக்கு மூளை குறைவு" என்று ஊரில் ஒருவரும் அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால், குறைந்தது எங்கே விழுந்தது என்று நாலு பேரும் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு ஊரில் யாரும் வேலை பார்க்க முடியாது.

இவர்களில் வெயிலுகந்தானுக்குக் கல்யாண ஆசை வந்தது. பெண், பக்கத்து ஊர் மாடத்தி. அவளுடைய அப்பா சங்கிலி, கௌதாரி வேட்டையில் பேர் போனவர். அவர் உண்டிவில்லை இழுத்தால் கௌதாரி விழும். அவருடைய நாய் புதருக்குள் போய் அதைக் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கும்.

"போயும் போயும் நொச்சிக்குளத்தானா?" என்றார் சங்கிலி.

"அவரு முட்டாள்தான்ப்பா," என்றாள் மாடத்தி. "ஆனா சொன்னதைச் சொன்னபடி செய்வாரு. எனக்கு அது போதும். என்ன செய்யணும்னு நான் சொல்லிக்கிறேன்."

நேராக மாட்டேன் என்றால் மகள் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள் என்று சங்கிலிக்குத் தெரியும். அதனால் வெயிலுகந்தானைக் கூப்பிட்டு, தன் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கி அவன் கையில் வைத்தார். செவலைக் குட்டி. ஒரு காது மடிந்திருந்தது.

"இதை வேட்டைக்குப் பழக்கு. தை பத்தாம் தேதி கூட்டிட்டு வா. நான் ஒரு கௌதாரியை அடிப்பேன். அது இறகு கலையாம என் கைக்கு வந்து சேரணும். சேர்ந்துட்டா, பழக்கினவனுக்கு என் பொண்ணைக் கொடுக்கிறேன். இல்லைன்னா உப்பு வியாபாரி மகன் கேட்டிருக்கான், அவனுக்குக் கொடுத்துருவேன்."

"எப்படிப் பழக்கணும் மாமா?"

சங்கிலி நேர்மையான மனிதர். தொழிலில் பொய் சொல்ல மாட்டார்.

"எந்தப் பேரைச் சொன்னா திரும்பிப் பார்க்குதோ அந்தப் பேரை வை. பறவை வாசனை பிடிச்சா குரைக்கக் கூடாது, ஒரு முன்னங்காலைத் தூக்கிட்டு அசையாம நிக்கணும். கவ்வும்போது பல் படக் கூடாது. சரியாச் செஞ்சா அந்த நொடியே ஒரு கருவாட்டுத் துண்டு கொடு. முக்கியமா ஒண்ணு. குட்டிக்கு வாயால சொன்னா விளங்காது. செஞ்சு காட்டணும்."

வெயிலுகந்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். ஐந்து விரலும் மடங்கிவிட்டன. விரித்தால் மறந்துவிடுமே என்று கையை அப்படியே மூடி வைத்துக்கொண்டு, மறு கையில் குட்டியுடன் ஊருக்கு நடந்தான். வீட்டில் தவசி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்த பிறகுதான் கை திறந்தது.

"முதல் விரல், பேரு," என்றான் தவசி. நாலு பேரில் யோசனைக்காரன் அவன்தான்.

"வீரா!" என்று கூப்பிட்டார்கள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. "சூரா!" என்றார்கள். தூங்கியது. "கருப்பா!" என்றான் ஒச்சப்பன்.

"அது செவலைடா. கருப்பான்னா எப்படித் திரும்பும்?"

"திரும்பிட்டா வேற நாயின்னு தெரிஞ்சுக்கலாமே, அதுக்குத்தான்."

தெரிந்த பெயர்கள் தீர்ந்ததும் ஊரில் உள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் பதினெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"எதுக்குப்பா கூப்பிட்டீங்க?"

"உங்களை இல்லை. நாயைக் கூப்பிட்டோம்."

அதனால் நாலு சண்டைகள் நடந்தன. குட்டி அதற்கும் எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு பூவலிங்கம் மனச் சோர்வில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டான். பெரிதாகத் தும்மினான். குட்டி தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது.

"அதுதான் அதோட பேரு," என்றான் தவசி.

"தும்மலா? தும்மலை எப்படிடா பேரா வைக்கிறது?"

"நாமளா வச்சோம்? எதுக்குத் திரும்புதோ அதுதான் பேருன்னு மாமா சொல்லிட்டாரு. அதுவும் திரும்பிருச்சு. நாம யாரு மாத்துறதுக்கு?"

அன்றிலிருந்து நாலு பேர் மடியிலும் பொடி டப்பா இருந்தது. குட்டிக்குக் கஞ்சி வைத்ததும் ஒருவன் பொடி போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, தும்மலுக்காகக் காத்திருப்பான். சில நாள் தும்மல் லேசில் வராது. அப்போது குட்டி தானாகவே வந்து அவன் எதிரில் உட்கார்ந்து, கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு முன்னங்கால் பாடம் வந்தது. செய்து காட்ட வேண்டுமே!

"மனுசனுக்கு முன்னங்கால் எது?" என்று கேட்டான் பூவலிங்கம்.

"கைதான்."

"அப்போ நின்னுக்கிட்டே கையைத் தூக்கினாப் போதுமே."

"அதெப்படி? மத்த மூணும் தரையில இருக்க வேண்டாமா?" என்றான் தவசி.

நியாயமாகத்தான் பட்டது. நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் இறங்கினார்கள். வரப்போரமாக மோந்து மோந்து போனார்கள். ஒரு காடை இருந்த இடம் வந்ததும் ஆளுக்கு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். காடை அவர்களைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் பறந்தது. குட்டி வரப்பின்மேல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தது.

பல் படாமல் கவ்வுவதற்குக் கௌதாரி கிடைக்கவில்லை. கோழி முட்டையை வைத்துக்கொள்ளலாம் என்றான் ஒச்சப்பன்.

"முட்டையும் கௌதாரியும் ஒண்ணாடா?"

"கௌதாரி எதிலேருந்து வருது? முட்டையிலேருந்து. இது கொஞ்சம் சின்ன வயசுக் கௌதாரி, அவ்வளவுதான்."

ஆளுக்கு ஒரு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு நாலு காலில் வயலைக் கடந்தார்கள். முதல் நாள் ஒன்றும் கரை சேரவில்லை. ஒச்சப்பனுக்கு முன்பல் இரண்டும் இல்லை. அதனால் மூன்றாம் நாளே அவன் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். மற்ற மூவரும் பொறாமையோடு தங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. சரியாகச் செய்தால் அந்த நொடியே கருவாடு கொடுக்க வேண்டும். செய்தது ஒச்சப்பன். எனவே அவனுக்குத்தான் கருவாடு. ஆனால் சரியாகச் செய்தான் என்று யார் சொல்வது?

"நான்தான் சொல்றேனே, சரியாச் செஞ்சேன்னு," என்றான் ஒச்சப்பன்.

"உனக்கு நீயே சொல்லிக்கக் கூடாது. வேட்டைச் சாதியில பிறந்தது இங்கே யாரு?" என்று கேட்டான் தவசி. "இதோட ஆத்தா வேட்டைநாய். பாட்டியும் வேட்டைநாய். இது வாலாட்டினா சரி. ஆட்டலைன்னா தப்பு."

அப்படியே முடிவாயிற்று. கருவாட்டை வெளியே எடுத்தால் குட்டி வாலாட்டியது. எடுக்காவிட்டால் ஆட்டவில்லை. ஆகவே முதலில் கருவாட்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகே தீர்ப்புக் கேட்டார்கள். குட்டி வாலாட்டியதும், செய்தவன் வாயைத் திறப்பான்; ஒரு துண்டு விழும். நீதிபதிக்கும் ஒரு துண்டு உண்டு.

மார்கழி பிறந்தது. குட்டி வளர்ந்து, வயிறு தொங்கி, நடக்கவே யோசிக்கும் நாயாகிவிட்டது. நாலு பேரும் மெலிந்து, முழங்கால் காய்ப்பேறி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காடை இருந்தால் இந்தப் பக்கமே மூக்கைத் தூக்கினார்கள்.

ஒரு நாள் மாடு வாங்கப் போன வண்டிக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார். வயல் நடுவில் நாலு ஆம்பிளைகள் வாயில் முட்டையோடு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதையும், எதிரே ஒரு நாய் கால் மேல் கால் போட்டுப் படுத்திருப்பதையும் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த வருஷம் அவர் மாடே வாங்கவில்லை.

சந்தைக்குப் போகிற வழியில் மாடத்தியும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நாய் ஏதாவது கத்துக்கிச்சா?"

வெயிலுகந்தான் வாயிலிருந்து முட்டையை எடுத்தான். "இன்னும் பத்து நாள்ல நாங்க முழுசாச் செஞ்சு காட்டி முடிச்சிருவோம். அதுக்கப்புறம் அது செய்யும்."

மாடத்தி சந்தைக் கூடையை இடுப்பிலிருந்து இறக்கினாள். பிறகு, "உப்பு வியாபாரி மகன் நேத்து ரெண்டு மூட்டை உப்பு அனுப்பியிருக்கான், பரிசமா. தை பத்து தப்பினா அப்பா அவனுக்குத்தான் கொடுப்பாரு. நான் என்ன சொன்னாலும் எடுபடாது," என்றாள்.

வெயிலுகந்தான் முட்டையை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு நாலு காலில் இறங்கினான்.

"ரெண்டு மூட்டையா?" என்றான் ஒச்சப்பன். "ஒரு கை உப்பு கிடைக்குமா தாயி? உடைஞ்ச முட்டையெல்லாம் சப்புன்னு இருக்கு."

தை பத்து வந்தது. சங்கிலியின் ஊர்க் காட்டில் கூட்டம் கூடியிருந்தது. உப்பு வியாபாரி மகன் சரிகை வேட்டி கட்டி வந்து, முன்வரிசையில் நின்றான். வெயிலுகந்தான் மடியில் ஒரு சம்பங்கி மாலை இருந்தது. நாயை நாலு பேரும் முறை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நடந்தால் களைத்துவிடுமே!

சங்கிலி உண்டிவில்லை இழுத்தார். தூரத்தில் கௌதாரி ஒன்று புதருக்குள் விழுந்தது.

"ம், உன் நாயை ஏவு."

வெயிலுகந்தான் பொடி போட்டான். தும்மினான். நாய் திரும்பிப் பார்த்தது. தூரத்தில் விழுந்த கௌதாரியையும் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டு, முன்கால்களின் மேல் தலையை வைத்துக்கொண்டது. மாடத்தி முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள்.

"இன்னும் சரியா விளங்கலை போலிருக்கு," என்றான் தவசி. "கடைசியா ஒரு தடவை செஞ்சு காட்டிருவோம்."

பூவலிங்கம் கருவாட்டை எடுத்தான். நாய் வாலாட்டியது. அவ்வளவுதான், நாலு பேரும் நாலு காலில் பாய்ந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. மோந்துகொண்டே போய், புதருக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கையைத் தூக்கி நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. வெயிலுகந்தான் தலையை உள்ளே விட்டான். கௌதாரியைக் கவ்விக்கொண்டு முள்ளையும் கல்லையும் பொருட்படுத்தாமல் ஓடி வந்து, சங்கிலியின் கையில் மெதுவாக வைத்தான்.

ஓர் இறகுகூடக் கலையவில்லை. சங்கிலி முப்பது வருஷமாக வேட்டை ஆடுகிறார். இப்படி ஒரு வாய் அவர் பார்த்ததில்லை.

உப்பு வியாபாரி மகன், இந்தப் பக்கம் சம்பந்தமே வேண்டாம் என்று சரிகை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"அடப்பாவிகளா!" என்று கத்தினார் சங்கிலி. "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சிருக்கீங்க? இங்கே யாரு யாரைடா பழக்கினது?"

அவர் கோபத்தில் கேட்டார். நொச்சிக்குளத்தார் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நாலு பேரும் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி கௌதாரி எடுக்க யாருக்குத் தெரியாது?" என்று ஆரம்பித்தான் தவசி.

"நமக்குத் தெரியாது."

"இப்போ யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியும்."

"சரி எது, தப்பு எதுன்னு தினமும் சொன்னது யாரு?"

எல்லாரும் நாயைப் பார்த்தார்கள். அது காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

"அப்போ பழக்கினது?"

"நாய்."

"பொண்ணு யாருக்கு?"

வெயிலுகந்தான் மெல்ல எழுந்தான். கண் கலங்கியிருந்தது. மடியிலிருந்த சம்பங்கி மாலையை எடுத்து நாயின் கழுத்தில் போட்டான்.

"மாமா, நியாயப்படி மாப்பிள்ளை இவருதான். எனக்கு வருத்தம் இருக்கு, ஆனா கோபம் இல்லை. நல்ல குணம். இந்த அஞ்சு மாசத்தில எங்களை ஒரு வார்த்தை திட்டினதில்லை."

மாடத்தி முன்னால் வந்தாள்.

"சரி, நியாயம்னா நியாயம்தான். வேட்டைக்காரரு கல்யாணம் பண்ணி வந்தா, அவரு பழக்கினதும் கூடத்தானே வீட்டுக்கு வரணும்?"

"ஆமா தாயி," என்றான் தவசி. "பழக்கினதை யாராவது காட்டில விட்டுட்டு வருவாங்களா?"

"கட்டினவதானே அதுக்கும் சோறு போட்டுப் பார்த்துக்கணும்?"

"வேற யாரு பார்ப்பா?"

"மாப்பிள்ளைக்குக் கையால தாலி கட்ட வராது. தான் பழக்கினதை வச்சுக் கட்டச் சொல்லலாமா?"

தவசி கண்ணை மூடி யோசித்தான். "கௌதாரியையே எடுத்துட்டு வந்துட்டான். தாலி என்ன பிரமாதம்? ஆனா தாயி, ஒரு சந்தேகம். வாயால கட்டணுமா, கையாலயா?"

"கையால."

"அப்போ சரி."

சொன்ன சொல்லை மீற முடியாமல் சங்கிலியும், "எப்படியோ கட்டித் தொலைங்க," என்றார்.

மறுநாளே கல்யாணம். தாலியைக் கையில் எடுத்ததும், எஜமானிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று வெயிலுகந்தான் பொடி போட்டுப் பலமாகத் தும்மினான்.

"நல்ல நேரத்தில தும்மலா?" என்று சபையே பதறியது.

"நான் தும்மவே இல்லை. மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்," என்றான் அவன். நாய் திரும்பிப் பார்த்தது. வெயிலுகந்தான் தாலியைக் கட்டினான்.

சாயங்காலம் சங்கிலி களைத்துப்போய் வீட்டு வாசலுக்கு வந்தார். தவசியும் ஒச்சப்பனும் பூவலிங்கமும் ஆளுக்கு ஒரு பாயும் தலையணையுமாக வரிசையில் நின்றார்கள்.

"நீங்க எங்கேடா வந்தீங்க?"

"எங்களையும் அதுதானே பழக்கிச்சு, மாமா?" என்றான் தவசி. "அவனை மட்டும் கூட்டிட்டுப் போறது எந்த ஊர் நியாயம்?"

சங்கிலி உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். மாடத்தி ஏற்கெனவே பெரிய பானையில் உலை வைத்திருந்தாள். அவர் வாசலை விட்டு விலகி நின்றார்.

மூன்று பேரும் குனிந்து உள்ளே போனார்கள். கடைசியாகப் போன ஒச்சப்பன் மட்டும் நின்று, அவர் காதருகே வந்து பணிவாகச் சொன்னான்:

"மாமா, எங்களை வாசல்ல கட்டிப்போட்டுக் காவலுக்கு மட்டும் வச்சிராதீங்க. நாங்க வேட்டை இனம்."