ஒன்றரைக் கிலோ

வயதை வைத்து யார் குரு, யார் சீடர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மணவாளன் வெகு காலம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஐம்பது தாண்டியபின், வீட்டில் யார் பேச்சையும் கேட்காமல் மென்பொருள் எழுதக் கிளம்பிய மனுஷர். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த ரெஜினாவுக்கு அவருடைய மகள் வயதுதான். முதல் நாள் கிண்டலாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

அவர் கைக்கு வந்த முதல் பெரிய வேலை, ஒரு மருத்துவமனையின் பச்சைக் குழந்தைகள் வார்டுக்கான படிவம். நர்ஸ் எடையைத் தட்டினால், எவ்வளவு மருந்து என்று திரை கணக்குப் போட்டுச் சொல்லும். அவசரத்தில் புள்ளியை விட்டுவிட்டு 2.8 என்பதை 28 என்று அடிப்பார்கள். உடனே 'தவறான எண்' என்று சிவப்பு எழுத்தில் வரும். வேலை நெருக்கடியில் அவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மணவாளனுக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தால் ஒன்றரை, ஐந்துக்கு மேல் போனால் ஐந்து என்று படிவமே சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும்படி எழுதிவிட்டார். சிவப்பு எழுத்து ஒழிந்தது. அவருக்கு ஒரே பெருமை.

ஒருநாள் காலையில் அந்த வார்டு நர்ஸிடமிருந்து ரெஜினாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்து அவள் சொல்லச் சொல்ல, மணவாளனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. எடை தொள்ளாயிரம் கிராம்தான். நர்ஸ் 0.9 என்றுதான் அடித்திருக்கிறார். படிவம் அதை ஒன்றரையாக்கி, அந்த எடைக்கு மருந்து சொல்லியிருக்கிறது. ஊசியைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று திரையை மறுபடி பார்த்த நர்ஸ், இது நான் போட்ட எடை இல்லையே என்று அப்படியே நிறுத்திவிட்டாராம்.

"குழந்தை?" என்றார் மணவாளன்.

"நல்லா இருக்கு சார். அந்த மருந்து உள்ளே போகவே இல்லை. கையாலேயே கணக்குப் போட்டு, சரியான அளவு குடுத்துட்டாங்க."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கிவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை. இருவருமாக உட்கார்ந்து முதல் காரியமாக, எடையை மாற்றும் அந்த வரிகளை அழித்தார்கள். மூச்சு சீராக வந்த பிறகு கேட்டார்:

"குருவே, ஏடாகூடமான எண் வந்தா படிவம் என்னதான் செய்யணும்? திட்டினாலும் தப்பு, திருத்தினாலும் தப்பு."

ரெஜினா எழுந்தாள். டீ குடிக்கலாமா என்றாள். எனக்குச் சர்க்கரை போடாமல் கொண்டுவாருங்கள் என்றார் அவர். கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார். பாயசம் மாதிரி இனித்தது.

"சர்க்கரை வேண்டாம்னேனே?"

"சர்க்கரை இல்லாம யாரு சார் டீ குடிப்பா? வாய் தவறிச் சொல்லியிருப்பீங்கன்னு நானே போட்டுட்டேன்."

மணவாளனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சந்தேகம்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அந்த நர்ஸும் போன்ல இதையேதான் சொன்னாங்க, சார்."